அப்பாவின் நோட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்

மரியாதைக்குரிய அறங்காவலர் குழுப் பெரியவர்களுக்கும், கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும், ரங்கூனிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அப்பாவிடம் பாலிசி எடுத்த எல்லாக் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்த கையோடு அறங்காவலர்கள் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வருகிற ஆடியில், அப்பாவின் திதியை ஒட்டி, அன்னதானக் கூடத்தில் அவர் படத்தைத் திறக்கப் போவதாகச் சொன்னீர்கள். படத்துக்குக் கீழே பளிங்குப் பலகை, அதில் 'கொடை வள்ளல்' என்று பொறிப்பதாக ஏற்பாடு. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், அப்பா வீடு வீடாகக் குடும்ப விவரம் எழுதி வைத்த நோட்டு. அம்மா காப்பி கொடுத்துவிட்டு, "சரிங்க, பிள்ளைகளைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். அன்றைக்கு என் வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். நேரில் வந்தே சொல்லலாம்தான். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்தால் பாதிப் பேச்சிலேயே தலையாட்டிவிடுகிற ஆள் நான். தவிர, இது உங்கள் மூன்று பேரோடு முடிகிற விஷயமும் இல்லை.

படம் வைப்பது உங்கள் அன்பு, வையுங்கள். 'இன்சூரன்ஸ் ஏஜெண்ட்' என்று எழுதினால் போதும், 'வள்ளல்' வேண்டாம். நோட்டைத் தருவதற்கில்லை. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அப்பா 1952ல் ரங்கூனில் பிறந்தவர். பிரேசர் தெருவில், அதாவது இப்போதைய அனோரதா ரோட்டில், தாத்தாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை இருந்தது. 1963 பிப்ரவரியில் வங்கிகள் அரசுடைமை ஆயின. அடுத்த ஆண்டு மார்ச்சில் கடைகள். கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் சேமிப்பு எல்லாம் அரிசிப் பானைக்குள் நூறு நூறாகக் கிடந்தது. பன்னிரண்டு வயதுப் பையனான அப்பாதான் அதை வெளியே எடுத்து, தவிடு தட்டி, எண்ணிக் கொடுத்தாராம். தாத்தாவின் தம்பிகள் இரண்டு பேர் கப்பலேறி மெட்ராஸ் போய்விட்டார்கள். ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா, அப்போது நிறைமாதம், அதனால் தாத்தா போகவில்லை. நாங்கள் இன்றைக்கு பர்மாக்காரர்களாக இருப்பதற்கு அதுதான் காரணம், வேறு கொள்கை கோட்பாடெல்லாம் கிடையாது.

அப்புறம் 1985ல் மறுபடி 50, 100 செல்லாமல் போனது. 1987 செப்டம்பரில் 25, 35, 75. அந்தத் தடவை ஈடாக ஒரு பைசா தரவில்லை. அப்பா அப்போது ஒரு அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை, வாங்கி வந்த சம்பளம் முழுக்க 75 கியாட் தாள். அதற்குப் பிறகு அச்சடித்தவை 45ம் 90ம், ஒன்பதால் வகுபடுகிற நோட்டுகள். சில்லறை கொடுக்கவே தலை சுற்றும். அந்தத் தாள்களைத் தரையில் பரப்பித்தான் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். ஒன்பதாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

இப்படி மூன்று தடவை கையிலிருந்த காசு காகிதமானதைப் பார்த்த மனுஷன், பத்து வருஷம் கழித்து வரப்போகிற காசை வீடு வீடாகப் போய் விற்றார். 1993ல் புது இன்சூரன்ஸ் சட்டம் வந்த பிறகு, மில் வேலையை விட்டுவிட்டு அரசு இன்சூரன்ஸுக்குக் கமிஷன் ஏஜெண்டாகச் சேர்ந்தார். அன்றைக்கு நாட்டில் அந்த ஒரு நிறுவனம்தான். "நோட்டே நிக்கல, உங்க பத்திரமா நிக்கப்போவுது?" என்று கேட்காத வீடு இல்லை. அப்பா சண்டைக்குப் போக மாட்டார். "நிக்காமலும் போகலாம்ணே. ஆனா நாளைக்கு நீங்க இல்லேன்னா அண்ணி யார் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க? அதுக்கு ஒரு விலாசம் வேணும்ல" என்பார். பாதிப் பேர் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

இன்சூரன்ஸுக்கு பர்மிய மொழியில் 'ஆமகான்' என்று பெயர். ஜாமீனுக்கும் அதே வார்த்தைதான். புதிதாகப் பை மாட்டிக்கொண்டு அலைந்த நாட்களில், ஒரு பாட்டி அப்பாவை ஜாமீன் கொடுக்கிறவர் என்று நினைத்து, போலீஸ் பிடித்துப் போன பேரனை மீட்டுத் தரச் சொல்லி அழுதிருக்கிறார். அப்பா அந்தப் பேரனுக்காக ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். பாலிசி ஒன்றும் விற்கவில்லை. அந்த வட்டாரத்தில் கடைசி வரை அவருக்கு 'ஆமகான்காரர்' என்றே பெயர் நின்றுவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லின், சவுத்தான் பக்கத்து வயல்காட்டில்தான் அவருக்கு வாடிக்கை அதிகம். 1993ல் பாலம் திறந்ததும் பஸ் வசதி வந்துவிட்டது. நெல் அறுக்கிற மாதங்களில் அங்கே கண்ணாடி விரியன் கடித்துச் சாகிறவர்கள் உண்டு. இந்த நாட்டில் பாம்புக்கடிக்கென்றே தனியாக ஒரு பாலிசி இருக்கிறது, வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பிரீமியம் சொற்பம், கமிஷன் அதைவிடச் சொற்பம், பஸ் காசுக்குக் கூடக் காணாது. மற்ற ஏஜெண்டுகள் அதைத் தொடவே மாட்டார்கள். அப்பா அறுப்புக்கு முன்னால் கிளம்பிவிடுவார். "அரிவாளைக் கையில எடுக்கிற நேரத்துல வந்து பாம்பு கடிச்சா காசுன்னு சொல்றியே, நீ நல்லா இருப்பியா?" என்று ஒரு அம்மா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து அவரைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். அன்று பள்ளி விடுமுறை, நானும் கூடப் போயிருந்தேன். அப்பா சிரித்துக்கொண்டே வரப்பில் இறங்கி, அந்த வீட்டுக்காரர் காலில் பூட்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். இல்லை. அடுத்த வாரம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனார், காசைத் தவணையில் வசூலித்தார். இலவசமாகக் கொடுக்கவில்லை, கவனிக்கவும்.

வீட்டு மனுஷன் என்றால் அப்படி ஒரு வீட்டு மனுஷன். எங்கள் பேட்டையான தாமைங்கிலிருந்து சுற்று ரயிலில் காலையில் கிளம்புவார். அப்போது ஊரைச் சுற்றி வர மூன்று மணி நேரம் எடுத்த அந்த ரயிலில் உட்கார்ந்துதான் கணக்கெழுதுவார். மத்தியானம் பழைய மொகல் தெரு, இப்போதைய ஷ்வேபொந்தா தெருவில் ஒரு டீக்கடையின் குட்டை ஸ்டூல்தான் ஆபீஸ். ஒரு டீ வாங்கினால் வெறும் தேநீர் பிளாஸ்க் காசில்லாமல் மேசைக்கு வரும், அதை வைத்துக்கொண்டு நாலு மணி வரை ஓட்டுவார். சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் வீட்டில். தோளில் தொங்குகிற ஷான் துணிப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவுக்கு வெங்காயம் உரிப்பார். உரித்துக்கொண்டே அன்றைக்குப் போன வீட்டுக் கதை முழுக்க வரும். எங்களுக்குத் தெரியாத கலியாணமும் இல்லை, கடனும் இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயதில் அடையாள அட்டை எடுக்க, அப்புறம் பதினெட்டில் மாற்ற, ஒவ்வொரு தடவையும் விடிகாலை வரிசையில் நின்றவர் அவர்தான். அம்மாவை விட மாட்டார். ஆபீசர் கேட்கிற கேள்விக்கு அம்மா பதற்றத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லிவிடுவார் என்று பயம்.

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு பெயர். வீட்டில் முருகேசன், அட்டையில் சோ வின். வீட்டில் செல்லம்மா, அட்டையில் டோ மியா. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வைத்ததோ, ஆபீசில் எழுதுகிறவர் வாய்க்கு வந்ததோ, அதுவே நிலைத்துவிடும். பர்மியர்களுக்குப் பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பெயர் வைக்கிற வழக்கம் உண்டு. மியா என்றால் வியாழன், அவுங் என்றால் ஞாயிறு. நம் ஆட்களுக்கு நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியாது. கிடைத்த பெயரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது, அதனால் அட்டையில் இருக்கிற அப்பா பெயரும் வேறாக இருந்தால் பிள்ளை யாருடைய பிள்ளை என்று காட்டவே வழியில்லை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒரே வீட்டில், குடியுரிமைத் தரத்துக்கு ஒரு நிறமாக, ரோஸ் அட்டை, நீல அட்டை, பச்சை அட்டை மூன்றும் இருக்கிற குடும்பங்களும் உண்டு. உயிரோடு இருக்கும் வரை இதெல்லாம் சிரிப்புக்கு ஆகும். செத்த பிறகுதான் தெரியும்.

2013ல் தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வந்தன. அப்பா அறுபது வயதுக்கு மேல் ஒரு புதிய நிறுவனத்துக்கு மாறினார். டை கட்டச் சொன்னார்கள். லுங்கிக்கு மேல் டை கட்டிக்கொண்டு போட்டோ எடுத்து எங்களைச் சிரிக்க வைத்தார். உற்சாகத்தில் அடுத்தடுத்து ஃபாரம் நிரப்பினார். அதில் ஒன்று, லைன் பஸ் ஓட்டிய ஒருவருடையது. நாமினி என்ற கட்டத்தில் அவர் மனைவியின் பெயரை, இருபது வருஷமாகத் தாம் கூப்பிட்ட அதே வீட்டுப் பெயரை, அப்பா எழுதிவிட்டார். அட்டையைக் கேட்டுப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் ஆவதற்குள் அந்த டிரைவர் மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் அவருடைய வீட்டுப் பெயர், பாலிசியில் அட்டைப் பெயர். மனைவிக்குப் பாலிசியில் வீட்டுப் பெயர், கையில் இருக்கிற அட்டையில் வேறு. நாலு பெயர், இரண்டு ஆட்கள். நிறுவனம் கொடுக்க மறுத்தது. அவர்கள் மேல் குற்றமில்லை, காகிதத்தைப் பார்த்துத்தானே காசு கொடுக்க முடியும்.

வார்டு ஆபீசில் சிபாரிசுக் கடிதம், நூறு வீட்டுத் தலைவர் கையெழுத்து, கோர்ட்டில் சத்தியக் கடுதாசி, பேப்பரில் 'இந்த இரண்டு பெயரும் ஒருவரே' என்று விளம்பரம். ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் ஒன்றாம் தேதி அந்த வீட்டுக்கு அரிசி, எண்ணெய், பிள்ளைகள் டியூஷன் காசு எங்கள் வீட்டிலிருந்து போனது. அதற்காக அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போய், ஒன்றுதான் திரும்பி வந்தது. இதைத்தான் நீங்கள் கொடை என்கிறீர்கள். அந்த அக்காவே கோயிலில் சொல்லிச் சொல்லி அது பரவியிருக்கிறது, தெரியும். ஆனால் அப்பா ஒரு நாளும் அதை அப்படிச் சொன்னதில்லை. "என் கை எழுதின தப்புக்கு நான் கட்டுற அபராதம்" என்றுதான் சொன்னார். அம்மா அதற்கும் கோபித்துக்கொண்டார். அபராதம் கட்டியது யார் வளையல் என்பது நியாயமான கேள்விதான், அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. தன் தப்புக்கு மனைவியிடம் கேட்காமல் மனைவியின் வளையலை எடுத்த ஆளைப் பளிங்கில் வள்ளல் என்று பொறித்தால், அம்மா ஒவ்வொரு அன்னதானத்தன்றும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

நோட்டு அந்த ஏழு மாதத்தில் தொடங்கியதுதான். நீங்கள் கையில் வாங்கிப் புரட்டினீர்கள். சிவப்புத் துணி முதுகு, நீள அளவு, கடைக்காரர் பேரேடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். இடது பக்கம் தமிழில் வீட்டுப் பெயர், பக்கத்தில் அட்டையில் இருக்கிறபடியே பர்மிய எழுத்தில், ஒரு புள்ளி ஒரு கொம்பு மாறாமல். அதற்குக் கீழே 12/ என்று ஆரம்பிக்கிற அட்டை எண். அப்பா பெயர் இரண்டு விதம், அம்மா பெயர் இரண்டு விதம். பாலிசிப் பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, சாவி யாரிடம். ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு 'ச' இருந்தால், சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம். தன்னிடம் பாலிசி எடுக்காத வீடுகளுக்கும் போய் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கும்போது, அவர் வெளியே செருப்பு விடுகிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளைக் கூப்பிட வரும் அம்மாக்களைப் பிடித்துக்கொள்வார். சில பெண்கள் அட்டையில் தன் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்பதையே அவர் வாசித்துக் காட்டித்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

2021 ஜூலைக் கொரோனா யாருக்கும் மறக்காது. வாசலில் மஞ்சள் துணி கட்டினால் மருந்து வேண்டும், வெள்ளைத் துணி என்றால் சாப்பாடு வேண்டும். எங்கள் சந்தில் இரண்டும் தொங்கின. அண்ணன் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ராத்திரி வரிசைக்குப் போனார். அவர் வரிசையில் நிற்கும்போதே அப்பா போய்விட்டார். கொள்ளி வைக்க விடவில்லை. சாம்பல் தரவில்லை. மற்ற விவரம் வேண்டாம், உங்களில் பலர் வீட்டிலும் அதே கதைதான்.

அப்பாவின் சொந்தப் பாலிசி ஒரு காக்கி உறையில் இருந்தது. உறையின் மேலேயே அம்மாவின் இரண்டு பெயரும். கிளெய்ம் ஆபீசில் இருந்த பெண் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அம்மாவைப் பார்த்து, "எதுவுமே குறைச்சல் இல்லையே அம்மா, யார் அடுக்கினது?" என்று கேட்டாள். அம்மா அதற்குத்தான் அழுதார், காசுக்கு இல்லை. காசு வந்த வேளையில் கியாட் விழ ஆரம்பித்திருந்தது, அது போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு கேட்டார்களே, பத்திரமா நிக்கப்போவுது என்று, அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அப்பாவோடு இதைப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்னும் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். அதில் இருப்பது அப்பாவின் புகழ் இல்லை, உங்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பெயரும் அட்டைப் பெயரும் வயசும் பிள்ளைகள் விவரமும். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற இந்தக் காலத்தில் அப்படி ஒரு பட்டியல் ஒரே இடத்தில், வருகிறவர் போகிறவர் பார்வையில் இருக்கலாமா? எந்த வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் இருக்கிறான் என்று ஒரு பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், உங்களுக்கே விளங்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு போடுவோம் என்றீர்கள். கண்ணாடிக்கு எதற்குப் பூட்டு?

முதலில் எனக்கும் ஒரு ஆசை இருந்தது, கோயிலிலேயே இதுபோல ஒரு பெரிய பேரேடு வைத்து அப்பா வேலையைத் தொடரலாம் என்று. அண்ணன்தான் "பைத்தியமா உனக்கு" என்றார். அவர் சொன்னது சரி. அதனால் இப்போது கேட்பது வேறு. பேரேடு வேண்டாம், வீட்டுக்கு ஒரு தாள் போதும். பளிங்குக்கு ஒதுக்கிய காசில் காலித் தாள் அச்சடியுங்கள், அப்பாவின் பக்கத்தில் இருக்கிற அதே கட்டங்களோடு. ஆடி வெள்ளிகளில் கூழ் ஊற்றும்போது எல்லாக் குடும்பமும் வருகிறது. தமிழ் வகுப்பில் இரண்டு எழுத்தும் தெரிந்த பெரிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களை உட்கார வையுங்கள். அட்டையைப் பார்த்து எழுதி, இன்னொருவர் சரிபார்த்து, அந்தத் தாளை அந்த வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்பட்டும். கோயிலில் நகல் எதுவும் வைக்க வேண்டாம். இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கும் அது வேண்டும். ஆஸ்பத்திரி, சுடுகாடு, வங்கி, பள்ளிக்கூடம் எங்கே போனாலும் அந்த இரண்டு பெயர் வந்து நிற்கும்.

உங்களிடம் ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டு இப்போது முழுசாக இல்லை. நீங்கள் வந்து போன மறுநாளிலிருந்து நானும் அம்மாவும் தையலைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமாக அந்தந்த வீட்டில் கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தன்லின் பக்கம் முடிந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர் தெளித்த அம்மாவின் வீட்டில் இப்போது அவர் மகள் இருக்கிறார், பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் அம்மாவின் அட்டைப் பெயரை இரண்டு மூன்று தடவை வாய்விட்டு வாசித்தார். கதவுக்குப் பின்னால் பூட்ஸ் இருந்தது, அதே ஜோடியா என்று கேட்கத் தோன்றவில்லை.

மீதி நாற்பது பக்கம் போல இருக்கிறது. இடம் மாறிப் போன குடும்பங்கள், விலாசம் எங்களுக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அப்பாவை ஆமகான்காரர் என்று கூப்பிட்டவர்களாக இருந்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து உங்கள் பக்கத்தை வாங்கிப் போங்கள். அட்டையைக் கொண்டு வாருங்கள், அம்மா பார்க்காமல் தர மாட்டார். மழை தொடங்கிவிட்டது, எங்கள் சந்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். தாளை வைக்க ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஆமகான்காரர் மகள்,
தாமைங், ரங்கூன்.